ஏழடி தள்ளி இருந்த தம்பி

மூக்குக் கண்ணாடிக் கடைகளுக்கு மென்பொருள் எழுதி விற்ற அந்த நிறுவனத்தில், தொடங்கிய நாளில் ஐந்து பேர் இருந்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அது ஒரே ஆளில் வந்து நின்றது. அந்த ஒருவர்தான் முதலாளி. வயது நாற்பத்தொன்பது. ஒண்டிக்கட்டை. மூன்றாம் மாடியில் ஓர் அறை, அதில் ஐந்து மேசைகள். மூன்றின் மேல் துணி போர்த்தியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் அந்தத் துணிகளை எடுத்து உதறி, மறுபடியும் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போவார்.

மீதி இரண்டு மேசைகளில் இரண்டு தொலைபேசிகள். கதவருகே இருந்தது முதலாளியுடையது. ஜன்னலோரம் இருந்தது உதவிப் பிரிவுக்கு. நடுவே ஏழடி தூரம்.

உதவிப் பிரிவின் கடைசி ஆள் பெரிய கம்பெனிக்குப் போன மறுநாள் காலை, ஜன்னலோர மணி அடித்தது. அவரே எடுத்தார். பேசியது ஆறு கண்ணாடிக் கடைகள் வைத்திருக்கும் அம்மாள். "யாரு, புதுசா வந்த தம்பியா?" என்று கேட்டார். முதலாளி உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஆளே இல்லாத கம்பெனி என்று தெரிந்தால் யார் நிற்பார்கள்? குரலைத் தணித்து, "ஆமாம்மா" என்றார். அன்று பிறந்தவன்தான் தம்பி. இது நடந்து ஆறு ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது.

தம்பிக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவன் பேசுவான். முதலாளி 'மேடம்' என்பார். அவன் 'அம்மா' என்பான். முதலாளிக்கு இருமல் வந்தால் தம்பி விடுப்பில் போய்விடுவான்; இருமலுக்குக் குரலை மாற்றத் தெரியாதே.

அம்மாளுக்கு முதலாளியைத் திட்டாமல் ஒரு வாரம் போகாது.

"கஸ்டமரோட பழைய கண்ணாடி பவரைப் புது பவருக்குப் பக்கத்துல காட்டணும். நடுவுல ஒரு கோடு. அவ்வளவுதானே சார்? இதுக்கு எதுக்கு ஒன்பது நாள்?"

"பழைய பவரை அழிச்சுட்டுதான் மேடம் புதுசு உட்காரும். இனிமே ரெண்டையும் வச்சுக்கிற மாதிரி உள்ளே எல்லாத்தையும் மாத்தணும்."

"பெரிய கம்பெனின்னா சாயங்காலத்துக்குள்ள பண்ணிருப்பான். உங்ககிட்ட பேசிப் பிரயோசனமில்ல. தம்பிகிட்ட குடுங்க."

அவர் தொலைபேசியில் காத்திருப்பு இசையை ஓடவிட்டு, ஏழடி நடந்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு எடுப்பார்.

"தம்பி, சாப்டியா? குரல் ஏன் கம்மியிருக்கு? அந்த மனுஷன் உன்னைப் போட்டு வாட்டுறானா?"

"இல்லம்மா, நல்லவருதான்."

"நீ வெள்ளந்தி. உனக்கு எல்லாருமே நல்லவங்கதான்."

தன் கணவர் மருத்துவமனையில் கிடந்த பதினேழு நாளும் அம்மாள் தம்பியிடம்தான் பேசினார். பிள்ளைகளிடம் சொல்லாததையும் சொல்லி அழுதார். அந்த நாட்களில் கணினியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உலகத்தில் முதலாளியைச் 'சாப்டியா' என்று கேட்க இருவர்தான்: ஒருவர் அக்கா, இன்னொருவர் இந்த அம்மாள். இரண்டாவது கேள்வி அவருக்குரியது இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் மணி அடித்தால் பசித்தவன் இலையைப் பார்ப்பது போல அந்தத் தொலைபேசியைப் பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை அம்மாள் முதலாளியை அழைத்தார். மூன்று வருட ஒப்பந்தம் போட வேண்டும், அதற்கு முன் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் என்றார். அந்த ஆறு கடைகளும் போனால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான்.

தம்பியாக யாரைக் காட்டுவது என்று முதலாளி அக்காவிடம் புலம்பினார்.

"இதுக்காடா கவலை? நாற்காலியில உட்கார உங்க அத்தானை அனுப்புறேன். ரிட்டையர் ஆகி சோபாவைத்தான் தேய்ச்சிட்டிருக்காரு."

"அத்தானுக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாதேக்கா."

"பிடிக்க வேணாம்டா. பக்கத்துல கையை வச்சுக்கிட்டு யோசிக்கிற மாதிரி இருந்தா போதும். ஆபீசுல முப்பது வருஷமா அதைத்தானே பண்ணாரு!"

சிரித்தார். சரி என்றும் சொல்லிவிட்டார்.

வியாழன் காலை மூன்று மேசைகளின் துணிகளையும் எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். பத்து இருபதுக்கு ஜன்னலோர மணி அடித்தது. அத்தான் இன்னும் வரவில்லை.

"தம்பி, சீக்கிரமே வந்துட்டேன். கீழ நிக்கிறேன். எந்த மாடி?"

"மூணாவது மாடிம்மா. மெதுவா ஏறுங்க, ரெண்டாவது திருப்பத்துல ஒரு படி உடைஞ்சிருக்கு."

பழக்கத்தில் சொல்லிவிட்டார். வைக்கப் போனபோது, "வைக்காத, பேசிக்கிட்டே ஏறுறேன்" என்றார் அம்மாள். முட்டி வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார். குரல் தொலைபேசியிலும் மாடிப்படியிலுமாக இரண்டாகக் கேட்டது. கதவு திறந்தது. காதில் தொலைபேசியுடன் அம்மாள் அங்கே நின்றார். காதில் தொலைபேசியுடன் இவர் இங்கே உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு யாருமில்லை.

"தம்பி எங்க சார்?"

எந்தக் குரலில் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நான்தாம்மா."

அம்மாள் காலியாக இருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் பேசினதெல்லாம்?"

"எங்கிட்டதான்."

"முதலாளி கல்நெஞ்சக்காரன்னு சொன்னது?"

"அதுவும்."

அம்மாளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"இப்ப சொல்றது கோபத்துல இல்ல சார். நீங்க ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா என் ஆறு கடையும் சேர்ந்து படுத்துடும். வருஷக் கடைசி வரைக்கும் இருக்கேன். அப்புறம் வேற பார்த்துக்கிறேன்."

"நியாயம்தான். எல்லா விவரத்தையும் ஒழுங்கா எடுத்துக் குடுத்துடுறேன்."

இறங்கும்போது அம்மாள் உடைந்த படியைத் தாண்டிப் போனார். அத்தான் பத்து ஐம்பதுக்கு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, "எந்த நாற்காலிடா?" என்று கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மணி அடித்தது, கதவருகே இருந்த தொலைபேசியில். மூன்றாவது கடையில் ரசீது அச்சாகவில்லை என்றார் அம்மாள். அவர் வழி சொன்னார். சரியாகிவிட்டது.

"தேங்க்ஸ் சார்."

திட்டவில்லை. தம்பியிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு நிமிடம் பத்து விநாடியில் பேச்சு முடிந்தது. அவர் எழுந்து ஏழடி நடந்து, ஜன்னலோர மேசையின் மேலும் ஒரு துணியைப் போர்த்தினார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.