பூச்சுவேலைக்கார அக்காவின் கோபம்

சுவர் பூசுவதில் அந்த அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் பாதிக் கூலிக்கு வந்து நின்றதும், மேஸ்திரி அக்காவைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்களுக்குத்தான் அடி.

அக்காவின் கணவர் வேறொரு நாட்டில் பெயின்ட் அடிக்கிறார். ஒருநாள் போனில் புலம்பினார். "இந்த ஊர்க்காரங்க எங்களை முறைக்கிறாங்க. அவங்க பொழப்பைக் கெடுத்துட்டோமாம்."

"முறைக்காம கொஞ்சுவாங்களா? பாதிக் கூலிக்குப் போய் நின்னா யாருக்குத்தான் வயிறு எரியாது?" என்று அக்கா பொரிந்து தள்ளினாள்.

"அப்ப நான் கிளம்பி வந்துடட்டுமா?"

அக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. "அவசரப்படாதீங்க. நம்ம மாடி ரூமுக்குச் சுவர் எழும்பிட்டிருக்கு. அந்த நாலு பேருக்கும் கூலி நீங்கதானே அனுப்பணும்?"

"எந்த நாலு பேரு? உன் வேலையைப் பிடுங்கினவங்களா?"

"பின்னே? பாதிக் கூலிங்க!"