சீனித்தாயின் கடைசி ஊற்று

சிரட்டையில் மொண்ட தண்ணீரை விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கிறார் சீனித்தாய். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுக்குப் பக்கத்தில் குடம் காலியாக இருக்கிறது. இரண்டு கன்னங்களிலும் மாற்றி மாற்றி ஒதுக்கிப் பார்த்துவிட்டுத் துப்புகிறார்.

"இங்கனயும் வந்துட்டு" என்கிறார். வந்திருப்பது கடல்.

பெரியதாழைக்குப் போகும் சாலையில், பாலத்தை ஒட்டி இருக்கும் டீக்கடை அவருடையது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கி ஒரு டீ குடிக்காமல் நான் போனதில்லை. பாலும் தூளும் எல்லாக் கடையிலும் உள்ளவைதான். தண்ணீர்தான் வேறு. செம்மணல் மேடான தேரியில் இறங்கிய மழை மண்ணுக்குள்ளேயே மெல்ல நடந்து வந்து இந்த ஆற்றில் சுரக்கும்.

ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் ஆடு ஓடும். தேரிப் பக்கம் அதற்கு ஓடை என்று பெயர், கடற்கரையில் கழி. பாலத்துப் பலகையில் 'செங்கானாறு' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சீனித்தாய் எந்தப் பெயரும் சொல்வதில்லை. வெள்ளம் வந்தால் "வந்துட்டா." வற்றினால் "படுத்துக் கெடக்கா."

"பேரு என்னத்துக்கு அண்ணாச்சி? வீட்டுல இருக்கவளப் பேரச் சொல்லியா கூப்பிடுதாவ?"

ஆறு கடலைச் சேரும் இடத்தில் ஒரு மணல்மேடு உண்டு. கடலை உள்ளே விடாமல் காத்தது அதுதான். பெருமழையில் அதுவே ஆற்றையும் வெளியே விடாது, தண்ணீர் ஊருக்குள் ஏறும். அப்போது வாழை வைத்தவர்களும் வலைக்காரர்களும் சேர்ந்து போய் மண்வெட்டியால் ஒரு கீறல் போடுவார்கள். "கோடு கிழிச்சாப் போதும், மிச்சத்த அவ பாத்துக்கிடுவா" என்பது ஊர்ப் பேச்சு. வெள்ளம் வடிந்தபின் அலையே மணலைத் தள்ளி அந்தக் கீறலை மூடிவிடும்.

பெருவெள்ளம் வந்த வருடம் சீனித்தாய் வீட்டில் அடுப்பு முங்கியது. மண்வெட்டியோடு போனவர்கள் காற்றில் நிற்கமுடியாமல் திரும்பிவிட்டார்கள். ஜேசிபி ஓட்டும் மகன் வேல்ராஜுக்குப் போன் போட்டு, "ஏலே, வண்டியக் கொண்டா. நல்லா ஆழமா வெட்டு" என்று சொன்னது அவர்தான். தாய்சொல் தட்டாத பிள்ளை, அப்படியே வெட்டினான். ஊர் பிழைத்தது. அந்த வெட்டு அதன்பிறகு மூடவேயில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் உள்ளே ஏறுகிறது. கெளுத்தி கிடந்த மடுவில் இப்போது கடல்மீனான மடவை துள்ளுகிறது. ஆடு மேய்ந்த கரையில் புல் கருகி, உப்பு மண்ணில் முளைக்கும் உமரி படர்ந்துவிட்டது.

யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய பாரம். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பார். அதில் அவரை மிஞ்ச இந்தச் சாலையில் ஆள் கிடையாது.

"பயத்துலதான சொன்னேன். ஆனா ஆழமாங்கற வார்த்தைய நான் சொல்லிருக்கப்பிடாது" என்றார் ஒருமுறை, கிளாஸ் கழுவிக்கொண்டே. வருத்தமாக இருந்தது, இன்னொரு டீ கேட்டேன்.

பாலத்தடியில் இருந்த ஊற்று உடைமரத்தடிக்குப் போனது. அங்கும் உப்பு ஏறியதும் பனைகளுக்குப் பக்கம் போனது. இன்று அவர் துப்பியது அந்தப் பனையடி ஊற்றுத் தண்ணீரை. ஆற்றில் அதற்கு மேலே வெறும் பாறை, தோண்ட மணல் இல்லை.

"அடுத்த மழைக்குச் சரியாவும்லா?" என்று கேட்கிறேன்.

"ஆவும்" என்கிறார், எனக்காக. பிறகு அதே தண்ணீரைக் குடம் நிறைய மொண்டு இடுப்பில் ஏற்றிக்கொள்கிறார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

கடையில் லாரிக்காரர் செந்தூர்பாண்டி காத்திருக்கிறார். கொஞ்ச நாளாகவே, "பேருல சீனி, டீயில உப்பு" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவர். சீனித்தாய் குடத்தை ஓரமாக இறக்கிவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து கேன் தண்ணீரை இழுக்கிறார். நேற்றே வாங்கி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. மூடியைத் திருகித் திறந்து, பாய்லரில் ஊற்றுகிறார். எனக்கும் செந்தூர்பாண்டிக்கும் டீ வருகிறது.

"யக்கா, இன்னைக்கு டீ பிரமாதம்!" என்கிறார் செந்தூர்பாண்டி.

"குடி, குடி" என்கிறார் சீனித்தாய்.

அடுப்பில் ஒரு சின்னச் சட்டி ஏறுகிறது. குடத்துத் தண்ணீரில் ஒரு தம்ளர் அதில் விட்டு, தூளும் சீனியும் போடுகிறார். பால் விடவில்லை, அந்த உப்புக்குப் பால் திரிந்துவிடும். வடிகட்டிய கறுப்பு டீயோடு பாலத்துக் கைப்பிடிச் சுவர்வரை நடந்து, ஆற்றைப் பார்த்து நின்று, முகம் சுளிக்காமல் கடைசி மடக்குவரை குடிக்கிறார்.