ஒரு இறாத்தல் பாணுடன் கொட்டாஞ்சேனைக்கு

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஸ்பானிய வகுப்புக்கு எப்படிப் போவது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். போன சனிக்கிழமை போய்வந்ததை எழுதுகிறேன். எழுதக் கூசுகிறது.

உடன் வந்தவர் சிவா. ஹட்டன்காரர், எங்கள் விடுதியில் பக்கத்து அறை. ஸ்பெயினில் ஹோட்டல் சமையலறை வேலைக்கு அவருக்குப் புதன்கிழமை நேர்முகம். அந்த மொழியில் பேசிக்காட்ட வேண்டும். அதற்கு முன் மிச்சமிருந்தது இந்த ஒரு வகுப்புத்தான்.

காலை எட்டேகாலுக்கு நூறாம் இலக்க பஸ். புறக்கோட்டைக்கு ஒன்பது கிலோமீற்றர், இருபது ரூபாய். காலைச் சாப்பாட்டுக்குப் பேக்கரியில் சுடச்சுட வாங்கிய ஒரு இறாத்தல் பாண் என் பையில் இருந்தது. பாண், மேசை என்ற சொற்கள் இலத்தீனில் பிறந்து போர்த்துக்கேயரோடு இங்கே வந்தவை. ஸ்பானியத்திலும் பான், மெசாதான் என்று சிவாவிடம் சொன்னேன்.

"அப்ப பட்டினி இல்லண்ணே. மேசையில உக்காந்து பாண் கேட்டுக்குவேன். கறி கேக்கத்தான் வகுப்பு" என்றார்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் பத்திரிகையாளர் அட்டையைத் திருப்பித் தந்தார். சிவாவிடம், வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் தரும் பதிவுத் துண்டைக் கேட்டார். அது அறையில், வேறு சட்டைப் பையில் இருந்தது. சிப்பாய் என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒன்றாகவா?"

இல்லை என்றேன். யோசிக்காமல் சொன்னதல்ல. என்னையும் நிறுத்திவைப்பார்களே என்று யோசித்துத்தான் சொன்னேன். பஸ் புறப்பட்டபோது சிவா மணல்மூட்டைகளின் ஓரம் நின்றார்.

புறக்கோட்டையிலிருந்து த்ரீவீலர், நூறு ரூபாய். வகுப்பு எடுக்கும், ஓய்வுபெற்ற கன்னியர்மடப் பள்ளி ஆசிரியை ரீட்டா டீச்சரும் அன்று பாணிலேயே தொடங்கினார். இலத்தீனில் பானிஸ். 'கூட' என்று பொருள்படும் 'கொம்' முன்னால் சேர்ந்தால் தோழன்: ஸ்பானியத்தில் கொம்பாஞேரோ, ஆங்கிலத்தில் கம்பானியன்.

"கூட இருந்து பாண் தின்னுறவன். அவ்வளவுதான்" என்றார். என் பை காலடியில் இருந்தது.

வகுப்பு முடியும் நேரத்தில் சிவா வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி, இப்பதான் வாறீங்கள்? இவரோடதானே வெளிக்கிட்டனீங்கள்?"

"இல்ல டீச்சர். தனியாத்தான் வந்தேன்."

டீச்சர் அவரை மட்டும் இன்னும் ஒரு மணித்தியாலம் இருத்திப் படிப்பித்தார். வாசலில் காத்திருந்து பாணை நீட்டினேன்.

"நீங்க சாப்பிடுங்க சார்" என்றார். அதுவரை நான் அவருக்கு அண்ணன்.

போகிறவர்களுக்கு: பதிவுத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்தே வையுங்கள். இருவராகப் போனால், ஒன்றாகவா என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பதை பஸ் ஏறுமுன் முடிவுசெய்துகொள்ளுங்கள். சாவடியில் நின்று யோசித்தால் நான் சொன்னதுதான் வாயில் வரும்.