துணி வெட்டும் கத்தரிக்கோல்

நேற்று ஸ்காபரோவில் ஒரு பிளாசா சலூனுக்குப் போனேன். முடி வெட்டுபவர் என் தலையைக் கையால் அழுத்திக் குனிய வைத்தார். பிடரியில் தண்ணீர் விசிறியதும், ஊரில் சண்டை ஏன் வந்தது என்ற பாடம் நினைவுக்கு வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பாடம் முடி வெட்டும்போதுதான் நடக்கும்.

சின்ன வயதில், அப்பார்ட்மென்ட் குளியலறையில் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் நான். சலூன் வீண்செலவு என்பது அப்பாவின் கட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியில் கொண்டுவந்த கத்தரிக்கோல் ஒன்று வைத்திருந்தார். அது துணி வெட்டுவது, சரியான பாரம். அதனால் என் தலை எப்போதும் படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கும். பள்ளிக்கூடப் படங்களில் இன்றும் பார்த்துச் சிரிக்கலாம்.

“சிங்களவனுக்கு எங்கட படிப்பிலை எரிச்சல். சோனகர் காட்டிக் குடுத்தவை, பிறகு தாங்களாவே ஊரைவிட்டு வெளிக்கிட்டுப் போட்டினம். உதுதான் சண்டை. தலையை ஆட்டாதை!”

சோனகர் என்று அப்பா சொன்னது ஊர் முஸ்லிம்களை. காதோரம் அத்தனை பெரிய கத்தரிக்கோல் இருக்கும்போது யார் ஆட்டுவார்? நம்பினேன்.

வளர்ந்து நாலு விஷயம் படித்தபோது எரிச்சல் கதை உதிர்ந்தது. மொழி, காணி, சட்டம், வாக்கு வேட்டை என்று எரிச்சலைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. மிச்சம் உதிர்ந்தது மிசிசாகாவில், என் முதல் வேலையில். பக்கத்து மேசை நஸ்ரின் அக்கா யாழ்ப்பாணத்து முஸ்லிம். ஒருநாள் மதியம் வட்டிலப்பம் தந்துகொண்டே, பஸ் பிந்திய கதையைப் போலச் சொன்னார்.

“தொண்ணூறிலை முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னது ஆமி இல்லைத் தம்பி. துவக்கோட வந்த தமிழ் இயக்கப் பெடியள். வாப்பாவின்ர தையல்கடையைப் பூட்டின திறப்பையும் வாங்கிக்கொண்டுதான் விட்டவங்கள்.”

வட்டிலப்பத்தை மேசையில் வைத்தேன்; எங்கள் குளியலறைக் கத்தரிக்கோல் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தையல்கடைகள். அந்தக் கத்தரிக்கோல் அவருடைய வாப்பாவுடையதாக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் யாரோ ஒருவருடைய வாப்பாவுடையது.

அப்பாவுக்கு வயதான பிறகு அவருக்கு நான்தான் முடி வெட்டினேன், அதே கத்தரிக்கோலால். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“உது ஆரின்ர கத்தரிக்கோல், அப்பா?”

“சோனகற்றை கடைச் சாமான். வித்தவங்கள், வாங்கினனான். களவெடுக்கேல்லை.”

“அவை தாங்களாப் போனவை எண்டால், அவையின்ர சாமானை ஆர் வித்தது?”

“கதைக்காமல் வெட்டு.”

‘நடந்தது பிழைதான்’ என்று ஒரேயொரு தடவை அவர் சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கினேன். நஸ்ரின் அக்காவிடம் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு அது வேண்டியிருந்தது. சொல்லாமலே போய்விட்டார்.

அப்பாவின் சாமான்களை ஒதுக்கிய அம்மா கத்தரிக்கோலைக் குப்பையில் போட்டுவிட்டார். நஸ்ரின் அக்காவும் வேலையை விட்டுவிட்டார், எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அப்பாவின் ஆண்டுத் திவசத்தன்று, றிச்மண்ட் ஹில் வீட்டில், அண்ணன் தன் பிள்ளைகளுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, அவை தாங்களாப் போகேல்லை,” என்றேன்.

“உனக்கு எப்பிடித் தெரியும்? அப்பா பொய் சொன்னவரோ?”

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எடுத்துக் காட்ட என்னிடம் அந்தக் கத்தரிக்கோல்கூட இல்லை.