பதாகையில் எரிந்த விளக்கு

என் ஏழு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அவள் பெயரில் நிதி சேர்க்க, துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில் எங்கள் தேவாலய முற்றத்தில் சாப்பாட்டு விற்பனை ஒழுங்கு செய்தோம்.

பதாகை அடிக்கும் கடையில் அவளுடைய பள்ளிக்கூடப் படத்தைக் கொடுத்து, "இந்தப் பிள்ளையின்ர பேரில நிதி சேர்க்கிறம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை போய் விரித்துப் பார்த்தேன். படத்தைச் சுற்றிப் பூவளையம். கீழே எரியும் குத்துவிளக்கு. ஊர் மதில்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி அப்படியே.

"பிள்ளை உயிரோட இருக்கிறா!" என்று கத்தினேன்.

கடைக்காரர் பதறிப்போனார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. ஒருத்தற்ர பேரில எண்டால் இஞ்ச செத்த ஆக்களுக்குத்தானே செய்யிறவை."

திரும்ப அடிக்க நேரமில்லை. வெள்ளைத்தாள் ஒட்டி விளக்கையும் பூக்களையும் மறைத்துத் தந்தார்.

மறுநாள் முற்றத்தில் பதாகையைக் கட்டி, அதற்குப் பக்கத்தில் நின்று ரோல்ஸ் விற்றேன். செவ்வாய்க்கிழமை மகளுடைய இரத்தப் பரிசோதனை முடிவு வர இருந்தது. அந்த நினைப்பில் யாருக்கு என்ன கொடுத்தேன் என்றே தெரியவில்லை. துறைமுகத்துக் காற்று விளக்கை மறைத்த தாளின் ஒரு மூலையைக் கிளப்பியது. மகள் எட்டிப் பிடித்து அதை முழுதாக உரித்தாள்.

"அம்மா, விளக்கு வடிவா இருக்கு. ஏன் மறைச்சனீங்கள்?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த விளக்குக்குப் பக்கத்தில் நின்று, அவள் என் பதிலுக்குக் காத்திருந்தாள்.