பானட் மேல் ஒரு மீட்டர்

எங்கள் வீட்டில் கார் கிடையாது. சின்ன மாமாவிடம் ஒரு மொபெட் இருந்தது, அதுவும் மேட்டில் ஏறும்போது பெடலை மிதிக்கச் சொல்லும். என்றாலும் ஆனையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் காரைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அதுவும் நம் ஊர்க் கார் இல்லை. நாங்கள் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் செய்து முடித்துவிட்ட, இரண்டே கதவும் நீண்ட மூக்கும் உள்ள, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிற கார்கள். மாமாவும் அவருடைய கூட்டாளியும் அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆகவே அவர்கள் சண்டை போட எந்தத் தடையும் இருக்கவில்லை.

சின்ன மாமா என் அம்மாவின் தம்பி. சிம்மக்கல்லில் ஒரு பம்புசெட் கடையில் வேலை பார்த்தார். கூட்டாளி அதே தெருவில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற பாய். நான் அவரைச் சீட் கவர் மாமா என்று கூப்பிடுவேன். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த மங்கலான படங்களைக் கூடத்தில் பரப்பிவைத்துக்கொண்டு, எந்த வண்டிக்குக் கம்பெனிக்காரன் எதை வைத்துக் கொடுத்தான், எதை வைக்கவில்லை என்று இருவரும் மதியச் சோறு ஆறும்வரை பேசுவார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே கார் வாங்கப் போகிறவர் எனக்கு இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம். கம்பெனி அதன்படியே செய்து அனுப்புமாம். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. பரோட்டாக் கடையில் நாங்களும் அப்படித்தான் வாங்குவோம். குழப்பம் அதற்குப் பிறகுதான். ஏசியும் ரேடியோவும் உள்ள வண்டியை இருவரும் மதிக்க மாட்டார்கள். ரேடியோ வேண்டாம், கடிகாரம் வேண்டாம் என்று யாரோ ஒரு கஞ்சன் சொல்லி வாங்கிய வண்டி என்றால் குரலே மாறிவிடும். இல்லாததுதான் அபூர்வமாம். அந்தக் கணக்கில் எங்கள் வீடு மதுரையிலேயே அபூர்வமானதாக இருக்க வேண்டும். அம்மா ஏன் அதைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் பேச்சில் எனக்கு முழுசாகப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. ஒரு சாமான் கம்பெனி ஃபிட்டிங்கா, பின்னால் யாரோ பட்டறையில் வைத்ததா என்று அறிய அதன் ஓட்டையைப் பார்க்க வேண்டும். ஓட்டையின் உள்விளிம்பிலும் பெயின்ட் ஏறியிருந்தால் கம்பெனி போட்டது. வெறுந்தகடாகத் துருப் பிடித்திருந்தால் பிற்பாடு துளைத்தது. இந்த ஞானம் வந்த வாரத்தில் பீரோ, சைக்கிள், தண்ணீர் டிரம் என்று வீட்டிலிருந்த எல்லா ஓட்டைகளிலும் விரலை விட்டுப் பார்த்தேன். எதுவும் தேறவில்லை. ஒன்பது வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு இருந்தது.

மாமாவுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து வெகுநாளாகியும் ஒன்றும் அமையவில்லை. போகிற வீடுகளில் பெண்ணின் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ அவர் எட்டு சிலிண்டர் இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவர்கள் கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் வந்தபோது அம்மா முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

"இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா இனி நான் எங்கயும் வர மாட்டேன்டா தம்பி. அங்க போயி காரப் பத்தி வாயத் தெறந்த, அப்படியே பஸ் ஏறிருவேன்."

மாமா சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார். சீட் கவர் மாமா தன் வேனில் எங்களை அழைத்துப் போனார். மாமா வழி நெடுக வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பெரிய மனிதர்போல வந்தார்.

பெண்வீடு ஒரு தென்னந்தோப்பின் முகப்பில் இருந்தது. பெண்ணின் அப்பா முதலில் அந்தத் தோப்புக்குக் காவலாக வந்து, பிறகு அதையே குத்தகைக்கு எடுத்தவர். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. அம்மா உயரத்தையும் படிப்பையும் விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்போது பெண்ணின் பெரியப்பா மீசையைத் தடவியபடி மாமாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்பிள்ளைக்கு அமெரிக்காக் கார்னா உசுருன்னு தரகர் சொன்னாரு. எங்க தம்பிகிட்டயும் ஒண்ணு கெடக்கு. வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

அம்மாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

கொட்டகையில், சாக்குப் படுதாவுக்கு அடியில், அது நிஜமாகவே நின்றது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு. டயர் மண்ணோடு மண்ணாகியிருந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. மூக்கின் மேல், ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேராக, கண்ணாடிக்கு வெளியே, ஒரு வட்ட மீட்டர் முளைத்திருந்தது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டர். அதை உள்ளே வைக்காமல் பானட்டின் மேல் வைத்துக் கொடுப்பது அபூர்வத்திலும் அபூர்வம் என்று இந்த இரண்டு பேரும் ஒரு மாதம் பேசியிருக்கிறார்கள். சீட் கவர் மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பெரியப்பா விஷயத்தைச் சொன்னார். தோப்பின் சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து இந்த வண்டியோடு வந்த ஒரு டாக்டர். திரும்ப அமெரிக்காவுக்கே போகும்போது வண்டியைப் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய இரும்புக்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டும் இவர் தரவில்லை. டாக்டர் தனக்காகச் சொல்லிச் செய்த மீட்டர் இது, கம்பெனியே வைத்தது, வேறெங்கும் கிடைக்காது என்பார். கோழிக்கூட்டுக்குக் காவல் இருக்கிறான் என்று அண்ணன் தம்பிகள் எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள்.

"சிம்மக்கல்லுல எவனோ ஒட்ட வச்சதுன்னு நான் சொல்றேன். இவன் கேக்க மாட்டேங்குறான். படிச்ச மாப்பிள்ளை நீங்களே சொல்லுங்க."

கொட்டகை வாசலில் பங்காளிகள் கூடிவிட்டார்கள். பெண்ணின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பெண்ணும் சமையற்கட்டின் பின்வாசலுக்கு வந்து நின்றாள். அவள் மாமாவைப் பார்க்கவில்லை. தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானட்டைத் திறந்தார்கள். மாமா குனிந்து, மீட்டரின் அடியில் கையைக் கொடுத்து, ஒயர் இறங்குகிற ஓட்டைக்குள் விரலை விட்டார். நான் பம்பரில் ஏறி எட்டிப் பார்த்தேன். விரல் வெளியே வந்தபோது நுனி செங்கல் நிறத்தில் இருந்தது. சரியாகக்கூட வட்டமாக இல்லாத, பிசிறடித்த ஓட்டை. உள்விளிம்பில் பெயின்ட் என்று ஒரு பொட்டுகூட இல்லை. எனக்குக் காத்திருக்க முடியவில்லை.

"துரு மாமா. இது கம்பெனி ஃபிட்டிங் இல்ல. பின்னாடி போட்டது."

பெரியப்பா என் பக்கம் ஆவலாகத் திரும்பினார். மாமா கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அது மழத்தண்ணி எறங்குன துரு பாப்பா. ஒனக்கு அதெல்லாம் தெரியாது." பிறகு பெரியவர்களைப் பார்த்துச் சொன்னார். "கம்பெனி ஃபிட்டிங்தாங்க. சந்தேகமே இல்ல. இம்புட்டு நாளா இத வித்துறாம வச்சிருந்தாருல்ல, அதுதான் பெருசு."

பெரியப்பா விடவில்லை. "நீங்க சொல்லுங்க பாய்."

சீட் கவர் மாமா ஓட்டையை நன்றாகவே பார்த்தார். பிறகு பானட்டை மெதுவாக இறக்கி மூடினார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே." மாமா சொன்னதை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஒத்துக்கொண்டதில்லை.

பெண்ணின் அப்பா துண்டால் அந்த மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அண்ணனிடம், "கேட்டியாண்ணே" என்று மட்டும் சொன்னார்.

நான் அழுதேன். அவ்வளவு பேர் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாரே என்பது ஒரு பக்கம். எனக்குத் தெரிந்ததே அவர் சொன்னதுதானே என்பது இன்னொரு பக்கம். அம்மா நான் பஜ்ஜிக்கு அழுவதாக நினைத்து இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அழுதுகொண்டே தின்றேன்.

திரும்பும்போது வேனில் மாமாவிடம் நேராகவே கேட்டேன். "பெயின்ட் இல்லேல்ல மாமா? பெறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?" வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் என்றார். வீட்டுக்கு வந்த பிறகு பேசவே இல்லை. சீட் கவர் மாமாவோ ஓட்டிக்கொண்டே தன்பாட்டுக்கு ஒரு தடவை சிரித்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் உலகத்திலுள்ள எல்லா வண்டியைப் பற்றியும் அடித்துக்கொண்டார்கள். கண்ணால் கண்ட ஒரே வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கார் பற்றிய எதையுமே நம்பக்கூடாது போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பெண்வீட்டில் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணே வாயைத் திறந்து சரி என்றாளாம். அம்மா நம்ப முடியாமல் தரகரை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

கல்யாணத்தன்று, முகூர்த்தம் முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தபோது, நான் புது அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு நாளாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை இனியும் வைத்திருக்க முடியவில்லை. அவளும் ஏமாந்துவிடக் கூடாதே என்ற அக்கறையும் இருந்தது. மாலையை விலக்கி அவள் காதில் சொன்னேன்.

"அத்தை, ஒங்க வீட்டு மீட்டர் கம்பெனி வச்சது இல்ல. மாமா தப்பாச் சொல்லிட்டாரு."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியும்டி. டாக்டர் ஆள விட்டு ஓட்ட போட்டப்ப நான் சின்னப் புள்ள, பக்கத்துலதான் நின்னேன். அப்பா அன்னிக்கு தோப்புக் கடைசியில தண்ணி பாச்சப் போயிருந்தாரு. அவருகிட்ட நாஞ் சொல்லல."

"அப்ப மாமா சொன்னது தப்புன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு எதுக்குச் சரின்னு சொன்னீங்க?"

"அதுக்குத்தான்" என்றாள் அத்தை.

நான் கேட்ட கேள்வி அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. பந்தியில் போய் உட்கார்ந்தேன். ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்க, கார் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருத்தியை மாமா கட்டிக்கொண்டாரே என்று அப்பளத்தை நொறுக்கியபடி வருத்தப்பட்டேன்.