வெறுங்கால்

மேடையில் பேஸ் கிடார் வாசிக்கிறவன் யாரைப் பார்ப்பான்? பாடுகிறவரைப் பார்ப்பான், கூட்டத்தைப் பார்ப்பான், முன்வரிசைப் பெண்களைப் பார்ப்பான் என்று என் மனைவி உட்படப் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்தது ஒருவனுடைய வலது காலை. என் வயதில் பாதிக்கு மேல் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றதிலேயே போயிருக்கிறது.

எங்கள் மெல்லிசைக் குழுவின் டிரம்மருடைய கால் அது. டிரம் செட்டில் தரையோடு படுத்திருக்கும் பெரிய டிரம்மைக் கையால் அடிப்பதில்லை. இரும்புப் பெடலை மிதித்தால் ஒரு சின்னச் சுத்தி போய் அதன் வயிற்றில் மோதும். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் கிக். அந்தக் கிக்கும் என் கம்பியும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். விழுந்தால் பாட்டு காலூன்றி நிற்கும். விழாவிட்டால் எப்பேர்ப்பட்ட பாடகர் பாடினாலும் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஏன் பேசுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

பேஸ் கிடாருக்கு நாலே கம்பி. அதைப் பற்றிக் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. லால்குடியில் ஒரு கல்யாணத்தில், "கிடாருக்கு ஆறு கம்பியாச்சே, மீதி ரெண்டு எங்கங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "வீட்ல சம்சாரம் துணி காயப்போட்டிருக்குங்க" என்றேன். டிரம்மர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. அவன் வீடு காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில்; என்னுடையது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில். முசிறி, துறையூர், பெரம்பலூர், புதுக்கோட்டை என்று வேனில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வந்ததில் உண்டான உறவு. வேன் போகும்போதும் அவன் வலது கால் சும்மா இருக்காது. டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் இவன் மிதித்துவிடுவான்.

எங்கள் குழுவில் யாரும் செருப்போடு மேடை ஏறுவதில்லை. கோயில் மேடையானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி. கிடாரைத் தாண்ட மாட்டோம். தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இதில் அவனுக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. வாத்தியத்தைக் காலால் மிதிப்பதுதானே அவன் தொழிலே? அதனால் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் குனிந்து பெடலைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதற்கப்புறம்தான் வெறுங்காலை அதன் மேல் வைப்பான்.

"மன்னிப்புக் கேக்குறேன் மச்சான்."

"சம்சாரத்துகிட்டயும் தினம் இப்படி ஒருதரம் கேட்டுடு மாப்ள. வீடு நல்லாருக்கும்" என்பேன்.

அவனுக்குச் சர்க்கரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வயதில் யாருக்குத்தான் இல்லை? மாத்திரை போடுவான், மறுநாள் மறப்பான். கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்தை விடமாட்டான்.

மன்னார்புரத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பாட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து வாசித்த அன்றுதான் முதலில் கவனித்தேன். அவன் கிக் ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது. பைக் ஓட்டுகிறவர் சாய்ந்தால் பின்னால் இருப்பவரும் சாய்வதைப் போல, என் விரலும் தானாகத் தாமதித்தது. வாசித்து முடித்ததும் எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னாடி சாஞ்சு அடிக்கிறீங்க பாருங்க, செம ஃபீல் சார்!"

எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தக் கால் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

"மாப்ள, உன் கால் லேட்டா வருது."

"உன் காதுதான் முந்திக்கிட்டு ஓடுது மச்சான். வயசாச்சுல்ல."

அடுத்த வாரம் மார்க்கெட்டில் டீ குடித்துவிட்டு நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு லோடுமேன், "அண்ணே, செருப்ப விட்டுட்டுப் போறீங்க" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால், இவனுடைய வலது செருப்பு நடுரோட்டில் வெங்காயச் சருகுக்கு நடுவே கிடக்கிறது. கழன்றது தெரியாமலே இத்தனை தூரம் வந்திருக்கிறான். ஆட்டோ பிடித்து அப்படியே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவன் பாதத்தில் ஊசி முனையால் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "தொடுங்க சார், சொல்றேன்" என்றான். அவர் ஏற்கனவே தொட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கால் மரத்துப்போய்விட்டது, காயம் பட்டால் தெரியாது, வீட்டுக்குள் கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொன்னார். சர்க்கரைக்காரர்கள் போடுகிற, அடியில் மெத்தென்று இருக்கிற செருப்பு. வாங்கினான். எல்லா இடத்துக்கும் போட்டுக்கொண்டு வந்தான். மேடைப் படியில் மட்டும் கழற்றிவிட்டான்.

ஒருநாள் அவன் வீட்டிலேயே உட்காரவைத்துச் சண்டை போட்டேன். "செருப்ப மாட்டிக்கிட்டே அடியேன்டா. என்ன குடியா முழுகிப்போயிடும்? காலில்லாம எதடா மிதிப்ப?"

"செருப்புக் காலால வாத்தியத்த மிதிக்கச் சொல்றியா? எச்சிக் கையால நீ உன் கிடாரத் தொடுவியா மச்சான்?"

சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் உறையையே திறக்கிற ஆள் நான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து வந்தது, "அண்ணே, நீங்க சொன்னாலாவது கேப்பாருன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னது.

பங்குனியில் மண்ணச்சநல்லூரில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. தகர டிரம்களின் மேல் பலகை போட்டு, அதன் மேல் கம்பளம் விரித்த மேடை. கச்சேரி பாதி தாண்டியிருக்கும். வழக்கம்போல அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெடல் பளபளத்தது. வியர்வை என்று நினைத்தேன். நீல விளக்கு வெள்ளையாக மாறியபோது அது சிவப்பாக இருந்தது.

பாட்டுக்கு நடுவில் நான் கையை எடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அடியில் இருந்த கனம் திடீரென்று போனதும் பாடிக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார். நான் போய்க் குனிந்து அவன் காலைப் பிடித்துத் தூக்கினேன். பந்தல் போட்டவர்கள் விட்டுப்போன ஆணி ஒன்று உள்ளங்காலில் அதன் தலை வரைக்கும் இறங்கியிருந்தது. அவன் கைகள் அடிப்பதை நிறுத்தவே இல்லை.

"ஏன்டா நிறுத்துன? பாட்டு போயிட்டிருக்குடா!"

"வலிக்கலையாடா பாவி?"

"எது?" என்றான்.

அந்த 'எது' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் கேட்ட சத்தங்களிலேயே என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

புண் ஆறவில்லை. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு இன்னும் இரண்டு. கறுப்பு மேலே ஏறிக்கொண்டே போனது. பார்க்க வந்த ஒரு சொந்தக்காரர் ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். ஆஸ்பத்திரி என்பதால் பிழைத்தார். கடைசியில் டாக்டர் வந்து, உயிர் முக்கியம், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டது. அவன் தலையை ஆட்டினான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் அதிகம் என்றேன். அவன்தான் போர்வையை விலக்கினான்.

"நாளைக்கு எடுத்துடுவாங்க மச்சான். ஒருதரம் நல்லாப் பாத்துக்க. என் மூஞ்சியவிட நீ இதத்தான் அதிகம் பாத்திருக்க."

பார்த்தேன். கட்டுக்கு வெளியே மீதியிருந்த கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அதை அசைக்கப் பார்த்தான். பழைய தாளம் ஒன்றை அடித்துக் காட்ட நினைத்தான் போலிருக்கிறது. அது அசையவில்லை. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய், முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். என் அப்பா போனபோது கூட அப்படி அழவில்லை.

குழு நிற்குமா? கல்யாணங்கள் காத்திருக்குமா? டிரம்முக்குப் பதிலாக ஒரு எலக்ட்ரானிக் பேட் வாங்கினார்கள். ரப்பர் கட்டங்களை விரலால் தட்டினால் கிக் வரும், என்ன வேண்டுமானாலும் வரும். வாசிப்பவர் நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரம் தப்பாது. குனிந்து பார்த்தால் காலும் இருக்காது.

அதோடு என் டோன் போய்விட்டது. அதே சுரத்தை ஒருத்தர் தொட்டால் பாகு மாதிரி வழியும், இன்னொருத்தர் தொட்டால் தகரம் மாதிரி கேட்கும். அதைத்தான் டோன் என்போம். எனக்கு நல்ல டோன் என்று ஊரில் பேர். அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? எந்தக் கம்பி, நகம் படாமல் விரல் சதையின் எந்தப் பக்கம், கம்பிக்கு அடியில் எவ்வளவு ஸ்பாஞ்சு செருகுவது என்று வருடக்கணக்காக மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தது. மன்னார்புரத்து எஞ்சினியர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "சார், கம்பி மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். மாற்றவில்லை. அதே கிடார், அதே கம்பி, அதே ஸ்பாஞ்சு. வீட்டுக்கு வந்து பழைய ரெக்கார்டிங்கை ஹெட்போனில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் ஒவ்வொரு சுரத்தின் முனையிலும் அவன் கால் இருந்தது. அவன் மிதித்துத் திறந்த கதவில்தான் நான் நுழைந்திருக்கிறேன். ஊரெல்லாம் மெச்சிய என் டோனில் பாதி அவனுடையது. இது தெரிய அவன் கால் போக வேண்டியிருந்தது.

அவனுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். சதை நிறத்தில் ரப்பர் பாதம், வார் வைத்த செருப்போடு. சில மாதம் கழித்து அவன் மனைவி போன் செய்தது. "அண்ணே, வீட்ல ஒரு டப்பா மிச்சமில்ல. பெடல் மிதிச்சுப் பழகுறேன்னு எல்லாத்தையும் அந்தக் காலாலயே நசுக்கிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தது. சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

எஞ்சினியர் தானே இசையமைத்த பாட்டு ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டார். "நெஜ டிரம் வச்சு எங்க மாப்ள அடிச்சா வரேன். இல்லேன்னா வேற ஆளப் பாருங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். பாவம், அவர் என்ன செய்வார்? சரி என்றார்.

ஸ்டுடியோ மாடிப்படியில் அவன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினான். பின்னால் அவன் மனைவி. வாசலில் எல்லோருடைய செருப்பும் கிடந்தது. நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தான். இடது செருப்பை உதறினான். பிறகு குனிந்து இரண்டு கையாலும் வலது பக்கத்து வாரைப் பிரிக்க ஆரம்பித்தான். மூச்சு வாங்கியது. வார் பிடிவாதமாக இருந்தது.

"அது ரப்பர்தானேங்க. அதுக்கு என்ன தெரியப்போகுது? அப்படியே போங்க" என்றது அவன் மனைவி.

"அதுக்குத் தெரியாதுடி. வாத்தியத்துக்குத் தெரியும்ல."

நானும் உட்கார்ந்து வாரைப் பிடித்தேன். கழற்றினோம். உள்ளே போய் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தான். குனிந்து பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ரப்பர் பாதத்தைத் தூக்கி அதன் மேல் வைத்தான். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நான் கிடாரை மாட்டிக்கொண்டேன்.

பாட்டு ஓடியது. கணுக்கால் இல்லாததால் தொடையிலிருந்து மிதித்தான். ஒவ்வொரு மிதியும் கனமாக, பின்தங்கி வந்தது. முதல் வரி முடிவதற்குள் ஹெட்போனில் எஞ்சினியரின் குரல் மெதுவாகக் கேட்டது. எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"சார், கிக் ரொம்ப லேட்டா விழுது. அவர் அடிச்சு முடிக்கட்டும், நான் கம்ப்யூட்டர்ல இழுத்து நேரா வச்சிடுறேன். அவருக்குத் தெரியாது."

"அதத் தொட்டீங்கன்னா இந்தப் படி நான் மறுபடி ஏறமாட்டேன்" என்றேன். "அவன் கால் எப்ப வருதோ அப்ப வரட்டும். நான் காத்திருக்கேன். நீங்க ஓடவிடுங்க."

அவர் ஓடவிட்டார். ரப்பர் பாதம் மேலே எழும்பியது. கம்பியில் விரலை வைத்துக்கொண்டு, அது இறங்கும் வரை நின்றேன்.